ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், போனிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய அரசு வேலைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. இவ்வளவு வசதி வந்த பிறகும் ஜனங்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? சிலர் மட்டும் எப்படிச் சட்டென்று மாறிக்கொள்கிறார்கள்? மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் இ-சேவை கவுன்ட்டரில் உட்கார்ந்து பல வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

*

கேள்வி: பெங்களூரில் இருக்கும் என் மகன் வந்திருந்தபோது என் போனில் டிஜிலாக்கர், உமங் என்று அரசுச் செயலிகள், இன்னும் என்னென்னவோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நான் இன்னும் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். "உங்களுக்குப் பயம்ப்பா" என்கிறான். இது பயம்தானா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, பயம் என்று நான் சொல்லமாட்டேன். போனில் செய்தால் வேலை முடியுமா, அல்லது செய்துவிட்டு மறுபடியும் நேரில் போகவேண்டியிருக்குமா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கு பல நேரம் சரியாகவே இருக்கிறது.

பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கிருந்தும் எந்நேரமும்" என்ற அரசு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் பட்டா வந்துவிடும். காசு கிடையாது. தாளிலேயே ஒரு குறிப்பு எண் இருக்கும். வாங்குகிறவர் அந்த எண்ணைத் தளத்தில் போட்டு உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் விவசாயி ஒருவர், பேரன் உதவியோடு அதை எடுத்துக்கொண்டு பயிர்க்கடனுக்காக ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். அங்கே இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து எங்கே? வி.ஏ.ஓ.கிட்ட ஒரு சீல் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாராம். மனுஷன் அந்தத் தாளோடு நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார். "கவர்மென்ட் கொடுத்த தாளை கவர்மென்ட் பேங்கே நம்பலைன்னா நான் எதை நம்புறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் இதை டீக்கடையில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் போனில் பட்டா எடுக்க முயன்றதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் டிஜிலாக்கரைப் பாருங்கள். 2015-ல் வந்தது. அதில் வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2017-லேயே விதி போட்டுவிட்டார்கள். விதி வந்ததும் எங்கள் பக்கம் ஒருவரும் ஓடிப்போய் இறக்கிக்கொள்ளவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகன் என்ற வாகனச் செயலியிலும் காட்டும் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அப்புறம்கூட உடனே நடக்கவில்லை. ஒரு பையனைப் போலீஸ்காரர் மறித்து, அவன் போனை நீட்டி, அவர் பார்த்துவிட்டு "சரி, போ" என்று சொன்னாரே, அன்றைக்குத்தான் மாறியது. அவன் கூடப் படிக்கிற அத்தனை பேர் போனிலும் அடுத்த வாரமே டிஜிலாக்கர் ஏறிவிட்டது. செயலி மாறவில்லை. எதிரே நின்றவர் ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அறுபது ரூபாய் கட்டணம். ஒப்புதல் ஆனதும் குறுஞ்செய்தி வரும். டிஜிட்டல் கையொப்பத்தோடு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பாதி வழியில் கிராம அலுவலகத்திலிருந்து "ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால், எப்படியும் போகத்தானே வேண்டும், முதலிலேயே நேரில் கொடுத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: செயலி போட்டுக் கொடுத்தது நல்லது. அடுத்த முறை வரும்போது ஒரு வேலையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிவரை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று முழுசாக முடிந்தால் போதும்.

*

கேள்வி: மொபைல் வழி அரசுச் சேவைகளை மக்கள் ஏற்றுக்கொள்ள எவையெல்லாம் காரணம் என்று ப்ராஜெக்ட் செய்கிறேன். ஏற்கெனவே இருக்கும் ஆய்வு மாதிரிகளை வைத்துக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்கிறார் கைடு. கூகுள் ஃபார்மில் அனுப்பப் போகிறேன். நேரில் பார்ப்பவர் என்ற முறையில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?
— எம்.பி.ஏ. மாணவி, திருச்சி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த கூகுள் ஃபார்மை விட்டுவிடு. போனில் படிவம் திறந்து நிரப்பி அனுப்பத் தெரிந்தவர்தான் உனக்குப் பதில் சொல்வார். அவர் ஏற்கெனவே இக்கரைக்கு வந்துவிட்டவர். வராதவர் ஏன் வரவில்லை என்பது அந்தப் படிவத்தில் ஒருபோதும் பதிவாகாது. அதனால் கேள்வித்தாளைத் தாளில் எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வாசலில் போய் நில். சர்க்கரை, பருப்பு போடுகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

உன் கைடு சொல்லும் மாதிரிகளை நானும் படித்திருக்கிறேன். 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்பவர் இரண்டு விஷயத்தைச் சொன்னார்: இதனால் எனக்குப் பயன் உண்டா, பயன்படுத்தச் சுலபமா. 2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உட்பட இன்னும் மூவரும் சேர்ந்து அதை விரித்து நான்காக்கினார்கள். பயன், சிரமம் இல்லாமை, நமக்கு வேண்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது, அப்புறம் போன், சிக்னல், உதவிக்கு ஆள் மாதிரியான வாய்ப்பு வசதிகள். பின்னால் வந்தவர்கள் அரசுச் சேவை என்றால் நம்பிக்கையும் சேரவேண்டும் என்றார்கள். எல்லாம் சரிதான். நான் சொன்ன டிஜிலாக்கர் கதையில் இவை எல்லாமே இருக்கின்றன.

ஆனால் இந்த மாதிரிகள் பிறந்த இடத்தை நீ மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீசில் கம்ப்யூட்டர் கொடுக்கப்பட்ட ஊழியர்களை வைத்து முதலில் சோதித்துப் பார்த்தவை இவை. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு மெஷின். அவர் பயன்படுத்துகிறாரா இல்லையா என்று கேட்டால் ஒரு பதில்தான் உண்டு. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு நல்ல போன் ஒன்று. அது மகனிடம் இருக்கும். அப்பாவின் ஆதாரில் இருப்பது மாப்பிள்ளை எண். அம்மாவின் விண்ணப்பத்தை அனுப்புவது பக்கத்து வீட்டுப் பெண். இந்த வீட்டில் "மொபைல் சேவையைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், ஒருவரும் தானாகப் பயன்படுத்தவில்லை.

2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியதை நினைத்துப் பார். ரேஷன் கடை வாரியாக டோக்கன் கொடுத்தார்கள், முகாம் போட்டார்கள், தன்னார்வலர்கள் உட்கார்ந்து போனில் பதிந்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. வேலை நடந்தது போனில்தான், ஆனால் போன் இருந்தது தன்னார்வலர் கையில். "நீங்களே இணையத்தில் விண்ணப்பியுங்கள்" என்று மட்டும் அறிவித்திருந்தால் எங்கள் கிராமத்தில் எத்தனை பேர் விட்டுப்போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவர்கள் எல்லாரும் என் கவுன்ட்டருக்குத்தான் வந்திருப்பார்கள்.

உன் கேள்வித்தாளில் மூன்று கேள்வியைச் சேர்த்துக்கொள். ஓ.டி.பி. யார் போனுக்குப் போகும்? முதல் தடவை போனில் ஒரு அரசு வேலை செய்தபோது பக்கத்தில் யார் இருந்தார்? கடைசியாகச் செய்தது போனிலேயே முடிந்ததா, அப்புறம் நேரில் போகவேண்டி வந்ததா? இந்த மூன்றுக்கும் ஐந்து கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லாதே. சொல்வதை அப்படியே எழுதிக்கொள். உன் கைடுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் உனக்கு விஷயம் கிடைத்துவிடும்.

*

கேள்வி: என் ஆதாரில் கணவர் எண்தான் இருக்கிறது. எந்த வேலைக்கும் ஓ.டி.பி. அவருக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவையும் கேட்பதே பெரிய விஷயமாக இருக்கிறது. எனக்கு என்ன வழி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, உங்கள் மாதிரி எத்தனையோ பேர் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம்கூட ஒரு அம்மா வந்திருந்தார். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். எண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவருடையது. நான் பட்டனை அழுத்தினேன். இவர் அவருக்கு போன் போட்டார். அங்கே மெஷின் சத்தத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி போட்டார். அவர் வெளியே வந்து, மெசேஜைத் திறந்து, எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வதற்குள் திரையில் நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு ஓ.டி.பி. அனுப்பினேன். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் கூப்பிடுகிற சத்தம் எனக்கே கேட்டது. "மதியச் சாப்பாட்டுக்கு விடும்போது சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்த அம்மா, மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கூலி போயிற்று. இவரை "டெக்னாலஜி தெரியாதவர்" என்று எந்தக் கணக்கெடுப்பிலாவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில், தாங்களே பயன்படுத்தும் போன் உள்ளவர்கள் 54 சதவீதம்தான். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கிறது; ஆனாலும் எல்லார் கையிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடக்கூடாது.

உங்களுக்கு வழி இருக்கிறது. ஆதாரில் எண் மாற்றுவதற்குப் பழைய எண் தேவையில்லை, கணவரிடம் ஓ.டி.பி. கேட்கவேண்டியதில்லை. வேறு ஆவணமும் வேண்டாம். உங்கள் கைரேகை போதும். ஆதார் சேவை மையத்துக்குப் போகலாம். போக முடியாவிட்டால் தபால்காரரிடம் சொல்லுங்கள். 2021-லிருந்து அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரர்களே வீட்டுக்கு வந்து எண்ணை மாற்றிக் கொடுக்கிறார்கள். கட்டணம் உண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதைப் பலபேர் கவனிப்பதில்லை: ஓ.டி.பி. வாங்குவதற்கு ஸ்மார்ட்போன் தேவையே இல்லை. பட்டன் போனும் உங்கள் பெயரில் ஒரு சிம்மும் இருந்தால் போதும். விண்ணப்பத்தை யார் போனில் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். சாவி உங்கள் கையில் இருக்கவேண்டும்.

*

கேள்வி: எனக்கு வயது 76. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பி.எஃப். பென்ஷன் வருகிறது. உயிர்ச் சான்றுக்குப் போனால் விரல் ரேகை விழவே மாட்டேன் என்கிறது. முகத்தைக் காட்டினாலே போதும் என்கிறார்களே, உண்மையா? என் வயதில் இதெல்லாம் சரிப்பட்டு வருமா?
— வாசகர், கோவை

பதில்: ஐயா, உண்மைதான், உங்களுக்கு நன்றாகவே சரிப்பட்டு வரும். வயதானவர்கள் போனுக்கு மாறமாட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, உயிர்ச் சான்று விஷயத்தில் மட்டும் உங்கள் வயதுக்காரர்கள்தான் எல்லாரையும் முந்திக்கொண்டார்கள். காரணம் எளிது. ஆயிரம் ரூபாய் குறைந்தபட்ச பென்ஷன் வாங்குகிறவர், அதை நிறுத்திவிடாமல் இருக்க ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்துப் போய், அங்கே விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, "ரேகை தேஞ்சுபோச்சு தாத்தா, நாளைக்கு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். காலமெல்லாம் நூலைப் பிடித்த விரல், தேயாமல் என்ன செய்யும்? அந்த அலைச்சல் ஒரே அடியாக இல்லாமல் போகிறது என்றால் யார்தான் கற்றுக்கொள்ளமாட்டார்கள்?

ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச் சான்று 2014 நவம்பரில் வந்தது. அப்போது விரல் ரேகைக் கருவி வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் முகத்தை வைத்தே எடுக்கும் முறை வந்தது. அதற்குப் பிறகுதான் போன் மட்டும் போதும் என்றானது.

செய்முறையைச் சொல்கிறேன், பேரன் பேத்தி யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளே ஸ்டோரில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் இரண்டையும் இறக்க வேண்டும். ரொம்பப் பழைய போனாக இருந்தால் இறங்காது. முதலில் "ஆபரேட்டர்" என்று ஒருவரைப் பதியச் சொல்லும். பயந்துவிடாதீர்கள், அது உங்கள் பேரனாகவே இருக்கலாம். தன் ஆதார் எண் கொடுத்து, தன் முகத்தைக் காட்டி ஒருமுறை பதிந்துகொண்டால் போதும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தச் செயலியைச் செய்தவர்களை நான் மெச்சுவேன். பெரியவருக்குப் பக்கத்தில் ஒருவர் உதவிக்கு இருப்பார் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டு அதற்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள்.

பிறகு உங்கள் ஆதார் எண், போன் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவு எண்), வங்கிக் கணக்கு விவரம். கடைசியில் உங்கள் முகம். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டாம். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அங்கேதான் நிறையப் பேருக்குச் சிக்கல். போட்டோ எடுப்பதாக நினைத்து, கண்ணைப் பெரிதாகத் திறந்து அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். மெதுவாகச் சிமிட்டுங்கள், பச்சை வட்டம் வரும். பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். எதுவும் சரிவரவில்லை என்றால் இதற்கும் தபால்காரர் வீட்டுக்கு வருவார்.

*

கேள்வி: "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொட்டு என் தம்பி பணத்தை இழந்துவிட்டான். அதிலிருந்து வீட்டில் யாரும் எந்த அரசுச் செயலியையும் தொடுவதில்லை. எப்படி நம்புவது?
— வாசகி, சேலம்

பதில்: வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பை எந்த அரசு அலுவலகமும் அனுப்பாது. யார் அனுப்பினாலும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள். இறக்குவதாக இருந்தால் ப்ளே ஸ்டோரில் மட்டும். அங்கேயும் வெளியிட்டவர் பெயர் அரசுத் துறையா என்று பாருங்கள். "இன்றிரவு கரண்ட் கட்" என்று மிரட்டி வரும் செய்தியும் இதே வகைதான். பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். "உடனே" என்பது முக்கியம், நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிப் போய்விடும்.

ஒரு தம்பி ஏமாந்தால் ஒரு குடும்பமே ஒதுங்கிக்கொள்கிறது, அதில் தப்பும் இல்லை. ஆனால் மோசடி பற்றிய எச்சரிக்கை எல்லாம் இன்னும் "ஜாக்கிரதை" என்று மட்டும்தான் சொல்கிறது. எது உண்மையான செயலி என்பதை ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒரு பலகையில் க்யூ.ஆர். கோடோடு எழுதி வைத்தால் என்ன?

*

கேள்வி: உழவன் செயலியை ஊரில் எல்லாரும் போட்டிருக்கிறோம். ஆனால் திறந்து பார்ப்பது எப்போதாவதுதான். கரண்ட் பில்லை மட்டும் தவறாமல் போனில் கட்டிவிடுகிறேன். இது ஏன் இப்படி?
— விவசாயி, புதுக்கோட்டை

பதில்: அண்ணே, நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தே தீரும். ரீடிங் எடுத்ததும் தொகை மெசேஜில் வருகிறது, கடைசித் தேதி இருக்கிறது, கட்டினால் அந்த நிமிஷமே ரசீது. டீக்கடையில் க்யூ.ஆர். கோடுக்குப் பணம் அனுப்பத் தெரிந்த கைக்கு இது அடுத்த படி. திரும்பத் திரும்பச் செய்வதுதான் கையில் படியும். 2015-ல் எழும்பூர்–தாம்பரம் மின்சார ரயிலுக்கு போனில் டிக்கெட் வந்தபோதும் தினசரி போய் வருகிறவர்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த வரிசை ஒவ்வொரு காலையும் இருந்தது.

உழவன் செயலி 2018 ஏப்ரலில் வந்தது. முழுக்கத் தமிழில் இருக்கிறது. மானியம், வாடகை இயந்திரம், விதை இருப்பு, சந்தை விலை எல்லாம் உண்டு. நல்ல செயலி. ஆனால் மானியத்துக்கு வருடத்தில் ஒருமுறை பதிகிறோம். அதற்குள் போன் மாறிவிடும், பாஸ்வேர்டு மறந்துவிடும். பதிந்த பிறகு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள உதவி வேளாண் அலுவலரைத்தான் கூப்பிடுகிறோம். உங்கள் விண்ணப்பம் யார் மேஜையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று தானாகவே வாராவாரம் மெசேஜ் வந்தால் நீங்கள் திறந்து பார்ப்பீர்களா, மாட்டீர்களா?

தமிழில் இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021-ல் தடுப்பூசிக்கான கோவின் தளம் முதலில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. மற்ற மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. கேட்டு வாங்கித்தான் வந்தது.

*

கேள்வி: நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். தினமும் இரண்டு வேளை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை. எல்லாரும் பயன்படுத்தினோம். இதையும் "மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்" என்று சொல்வார்களா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: சொல்வார்கள், சொல்லக்கூடாது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் செயலியை எல்லா வேலைத்தளங்களிலும் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை போட்டோ ஏறாமல், வேலை செய்தவருக்கு ஆப்சென்ட் விழுந்த கதையை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேறு வழி இல்லாமல் பயன்படுத்துவது வேறு. வழி இரண்டு இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுப்பது வேறு. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் போட்டுக் காட்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

கோவினிலும் இதே பிரச்னைதான். 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வரை உள்ளவர்கள் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். கிராமத்து ஜனங்கள் எங்கே போவார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. நேரில் வந்தாலும் போடலாம் என்று அந்த மாதக் கடைசியிலேயே வழி திறந்தார்கள். நேரில் வருகிறவருக்குக் கதவைத் திறந்து வைத்தால் போனுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் சிலர் நினைக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. தவறினால் நேரில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியம் இருக்கிறவர்தான் போனில் துணிந்து முயன்று பார்க்கிறார்.

*

கேள்வி: அனைவருக்கும் இ-சேவை திட்டத்தில் மையம் நடத்துகிறேன். எல்லாரும் போனிலேயே செய்துகொண்டால் நம் பிழைப்பு என்ன ஆகும் அக்கா?
— இ-சேவை நடத்துபவர், தருமபுரி

பதில்: தம்பி, எளிய வேலைகள் போகும். போகட்டும். என் கவுன்ட்டரில் அந்த வகைக் கூட்டம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. ஆதாரில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல், பட்டாவில் தாத்தா பெயர் என்று வருகிறவர்கள் குறையவில்லை. அவர்களுக்கு ஆள் வேண்டும். அந்த வேலை உனக்கும் எனக்கும் இன்னும் வெகுகாலத்துக்கு இருக்கும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்று. விண்ணப்பதாரரை முதல்முறை பதிந்து சி.ஏ.என். என்ற விண்ணப்பதாரர் அடையாள எண் உருவாக்கும்போது, வேகமாக முடியும் என்பதற்காக மையத்துக்காரர் தன் போன் எண்ணையே போட்டுவிடுகிற பழக்கம் சில மையங்களில் இருக்கிறது. அப்படிப் போட்டால் அந்த மனிதருக்கு வரவேண்டிய ஒவ்வொரு மெசேஜும் மையத்துக்கு வரும். பின்னால் அவர் பிள்ளை படித்து, வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க உட்கார்ந்தால் ஓ.டி.பி. வராது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. சான்று தயாரான செய்திகூட நாம் சொன்னால்தான் உண்டு. உன் மையத்தில் அப்படி ஏதாவது பழைய பதிவு இருந்தால், அவர்கள் அடுத்த முறை வரும்போது அவர்கள் எண்ணுக்கு மாற்றிக் கொடு. அதற்குத் தனியாகக் காசு வாங்காதே.